சின்னவன் கொண்டுவந்த ஒயின்

அது இரண்டாவது ஒயின் என்று எனக்கு முதன்முதலில் சொன்னது சம்பந்தி வீட்டு மதாம் ஜெர்மேன்தான், அம்மா. போன வருஷம் கிறிஸ்து அரசர் பெருநாளுக்கு மறுநாள், அவர்கள் வீட்டுக் கூடத்தில், இரண்டு வீட்டு ஜனமும் உட்கார்ந்திருக்கும்போது சொன்னார். அதுவரைக்கும் ஒயினில் முதலாவது, இரண்டாவது என்று உண்டு என்பதே எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது கோயில் பூசையில் வைக்கிற திராட்சை ரசம். அப்புறம் கிறிஸ்துமஸுக்குத் திராட்சையும் சர்க்கரையும் போட்டு ஜாடியில் வைப்போமே, அது. அவ்வளவுதான்.

பஸ் ஏறினதும் நீ கேட்டாய் இல்லையா, இந்த முட்டி வலியோடு தனியாகவா வேளாங்கண்ணிக்குப் போறீங்க என்று? தனியாகத்தான் போகிறேன். என் சின்ன மகன் என்னோடு பேசுவதில்லை. கிறிஸ்துமஸிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. அவன் மனசை மாதா திருப்பிக் கொடுக்க வேண்டும். வேறு ஒன்றும் கேட்கப் போகவில்லை. எல்லாம் அந்த மதாம் ஜெர்மேன் சொன்ன ஒரு சொல்லால் வந்தது. அந்த அம்மாளுக்காகவும் தினமும் ஜெபமாலையில் ஒரு பத்துமணி ஜெபம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். மன்னிக்க வேண்டும் இல்லையா, தவக்காலம் வேறு.

எனக்கு இரண்டும் பையன்கள். பெரியவன் எமில். வில்லியனூர் மாதாவுக்குத் தொட்டில் வாங்கி வைத்துப் பெற்ற பிள்ளை. பாரிசில் இருக்கிறான், கோட்டுப் போட்டுக்கொண்டு போகிற வேலை. அவன் பெண்டாட்டி சொல்தா வீட்டுப் பெண். சொல்தா என்றால் உனக்குத் தெரியாதோ என்னவோ, எங்கள் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்சன் வாங்குகிறவர்களை அப்படிச் சொல்வோம். அவர்கள் பிரெஞ்சுப் பிரஜைகள், அந்தக் கலியாணத்தில்தான் எமிலுக்குப் பிரான்சு கிடைத்தது. சின்னவன் அமலோர். அவன் வேண்டுதல் ஒன்றும் இல்லாமல் தானாக வந்தான்.

அமலோரைக் குறை சொல்ல மாட்டேன். சின்ன வயசிலிருந்தே ஒன்றும் கேட்க மாட்டான். எமில் போட்டுக் கழித்த சட்டையைப் போட்டுக்கொள்வான். மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டு எமிலுக்கு, இவன் 'எனக்கு வாலு போதும்மா, அதுலதான் ருசி' என்பான். அப்படி ஒரு பிள்ளை. என் வீட்டுக்காரர் மில்லில் வேலை பார்த்து இறந்துபோன பிறகு, என் மாத்திரை, கரண்டு, ஓடு மாற்றுவது எல்லாம் அமலோர்தான் பார்க்கிறான். எமிலைத் தொந்தரவு செய்ய முடியுமா, பாவம். அவனுக்குக் குடும்பம் இருக்கிறது.

எமில்தான் இவனைப் பிரான்சுக்குக் கூப்பிட்டுக்கொண்டான். கொஞ்ச நாள் பாரிசில் ஹோட்டலில் பாத்திரம் கழுவினான். அப்புறம் என்ன தோன்றியதோ, தெற்கே எங்கேயோ ஒரு திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போய்விட்டான். ஷாத்தோ என்பார்களே, அரண்மனை மாதிரி வீடு, சுற்றிக் கண்ணுக்கெட்டின வரை கொடி. போட்டோ அனுப்பினான். வாயில் நுழையாத பெயர். ரொம்பப் பெரிய பெயராம். எனக்கு என்ன தெரியும்? நான் அஞ்சாவதுவரை படித்தவள். படிக்க வைத்த பிள்ளை மண்ணில் நிற்கிறானே என்று எனக்கு வருத்தம். யாராவது கேட்டால், 'சின்னவனும் பிரான்சுலதான்' என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன்.

போன நவம்பரில் அறுவடை முடிந்து ஒரு மாச லீவில் வந்தான். பெண் முடிவாகியிருந்தது. ஆக்னேஸ். நல்ல பெண், கோயிலில் பாடும். அப்பா முசியே குளோத்தும் ஒரு சொல்தாதான், அம்மா மதாம் ஜெர்மேன், பாதி வாழ்க்கை பிரான்சிலேயே இருந்தவர்கள். எமிலுக்குப் பெண் எடுத்த வீட்டைவிட ஒரு படி மேல் என்றே வைத்துக்கொள். அமலோருக்கு அப்படி ஒரு இடம் வந்ததே எனக்கு ஆச்சரியம்.

எங்கள் ஜனத்தில் பரிசம் போடும்போது ஒரு வழக்கம் உண்டு அம்மா. பூத் தட்டு, பழத் தட்டு, புடவைத் தட்டோடு ஒரு பாட்டில் தட்டும் போகும். மாப்பிள்ளையின் அம்மா அதைத் தன் கையால் கொண்டுபோய் வைக்க வேண்டும். பெண்ணின் அப்பா அதைத் திறக்க வேண்டும். இரண்டு வீட்டாரும் ஒரு வாய் குடித்துவிட்டால் பேச்சு முடிந்தது, பிறகு யாரும் மாற முடியாது. திறக்கிறவரைக்கும் எதுவும் முடிவில்லை.

அந்தப் பாட்டிலை அமலோர்தான் கொண்டுவந்தான். கம்பளிச் சட்டையில் சுற்றி, பெட்டிக்கு நடுவில் வைத்து, பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற மாதிரி கொண்டுவந்தான். பரிசத்தன்று காலையில் அதைத் துடைத்துத் துடைத்து வைத்தான். நான் பூவைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

'அம்மா, இதுல ஒரு விசேஷம் இருக்கு' என்றான்.

'என்னடா?'

'இப்ப வேணாம். அங்க போய்த் திறக்கறப்ப எல்லாருக்கும் சொல்றேன்.'

'சரி சரி, ஆட்டோ வந்துடுச்சு பாரு' என்றேன்.

போனோம். எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. சாமியார் வந்து ஜெபம் சொல்லிவிட்டுப் போனார். நான் பாட்டில் தட்டைக் கொண்டுபோய் முசியே குளோத் முன்னால் வைத்தேன். அவர் கலகலப்பான மனிதர். மூடி திருகுகிற கம்பியைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்.

'பட்டாளத்துல துப்பாக்கியைவிட இதைத்தான் மதாம் அதிகம் பிடிச்சிருக்கேன்' என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

'அதுலயும் குறி தப்பும் இவருக்கு' என்றார் மதாம் ஜெர்மேன். அதற்கும் சிரிப்பு.

பிறகு அந்த அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாட்டிலைக் கையில் எடுத்தார். ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். பெரிய எழுத்தைப் படித்தார், அப்புறம் அடியில் இருந்த சின்ன எழுத்தைப் படித்தார். படித்துவிட்டு, 'அட, இது அந்த ஷாத்தோவோட ரெண்டாவது ஒயின்' என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. 'ரெண்டாவதுன்னா?' என்று கேட்டேன்.

'அவங்களுக்குப் பெரிய ஒயின் ஒண்ணு இருக்கு மதாம். அந்தப் பேரைச் சொன்னா பிரான்சுல எழுந்து நிப்பாங்க. அதுக்குன்னு பொறுக்கி எடுத்தது போக, மத்ததுல போடறது இது. பேரு வேற வச்சிருப்பாங்க. ஆனா...'

ஆனா என்று ஏதோ சொல்ல வந்தார். நான் எதற்கு அதைக் கேட்க வேண்டும்? பொறுக்கி எடுத்தது போக மிச்சம். அதை என் கையால் தட்டில் வைத்துச் சம்பந்தி வீட்டுக் கூடத்துக்கு நான் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். முசியே குளோத், 'அதே மண்ணு, அதே கை. நல்லாத்தான் இருக்கும். க்ளாசைக் கொண்டா ஆக்னேஸ்' என்றார். பெரிய மனிதர், என் மனசு நோகக் கூடாது என்று சொல்கிறார். எனக்குப் புரியாதா?

நான் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை அம்மா. மரியாதையாகத்தான் சொன்னேன். எழுந்து, பாட்டிலைத் தட்டிலிருந்து எடுத்து முந்தானையில் வைத்துக்கொண்டேன். 'மன்னிச்சுக்குங்க முசியே. இது சின்னவன் வாங்கிட்டு வந்தது, அவனுக்கு இதெல்லாம் தெரியாது. நான் பெரியவன்கிட்டச் சொல்லி முதல் தரமா அனுப்பச் சொல்றேன். அது வந்ததும் நாம திறந்துக்கலாம்' என்றேன்.

முசியே குளோத் கையில் கம்பியை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். 'தட்டுல வச்ச பாட்டிலைத் திருப்பி எடுத்தா என்ன மதாம் அர்த்தம்?' என்று கேட்டார்.

'நல்லதா வரட்டும்னுதான்' என்றேன்.

அவர்கள் பக்கத்து அம்மாள் ஒருத்தி பின்னாலிருந்து, 'எடுத்துட்டுப் போற பாட்டிலுக்கு நாம க்ளாஸ் வேற கழுவி வச்சோம்' என்றாள். மதாம் ஜெர்மேன் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். மூட்டிவிட்டு இப்போது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று எனக்கு வந்த கோபத்தை மாதாதான் அடக்கினாள். அமலோரைப் பார்த்தேன். எழுந்தவன் நின்றுகொண்டே இருந்தான். என்னமோ விசேஷம் சொல்கிறேன் என்றானே, அதற்காக எழுந்தான் போலிருக்கிறது. அப்புறம் உட்கார்ந்துவிட்டான். ஆக்னேஸ் அவனைப் பார்த்தது. அவன் தரையைப் பார்த்தான்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் என் நாத்தனார் லில்லி கேட்டாள், 'அண்ணி, கல்யாணம் பேசப் போனீங்களா, கடையில பாட்டில் மாத்தப் போனீங்களா?' அவளுக்கு எப்போதும் இந்த வாய்தான். நான் ஜெபமாலையை எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சோறு போட்டேன். அமலோர் கொஞ்ச நேரம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான்.

'அம்மா, அந்தக் கொடி நான் நட்டது.'

'எந்தக் கொடி?'

'அந்த ஒயின் போட்ட பழம் வந்த கொடி. நான் அங்க சேர்ந்த வருஷம் ஒரு சரிவை எங்ககிட்டக் குடுத்து நடச் சொன்னாங்க. மூணு பேரு நட்டோம். மத்த ரெண்டு பேரும் போயிட்டாங்க. நான்தான் பார்த்துக்கிட்டேன். ஒரு வருஷம் வசந்தத்துல பனி விழுந்து தளிரெல்லாம் கருகப் பார்த்தது. குளிர் தாக்காம இருக்க வரிசைக்கு வரிசை டப்பாவுல மெழுகு கொளுத்தி வச்சுக் காவல் இருந்தேன்.'

மெழுகு கொளுத்தினேன் என்றதும் எனக்கு மனசு குளிர்ந்தது. 'கோயில்லயும் ஒண்ணு கொளுத்தினியாடா?' என்று கேட்டேன்.

அவன் என்னைப் பார்த்தான். கொளுத்தவில்லை போலிருக்கிறது.

'சின்னக் கொடி பழத்தைப் பெரிய ஒயினுக்கு எடுக்க மாட்டாங்கம்மா. கொடிக்கு வயசாகணும். அதுவரைக்கும் இதுலதான் போடுவாங்க. அது குறை இல்ல, வயசு. முதல் தடவையா அந்தச் சரிவுப் பழம் பாட்டில்ல வந்த வருஷம், எங்க மேஸ்திரி எனக்கு ஒண்ணு கையில குடுத்தாரு. அமலோர், இது உன்னோடதுன்னாரு. அதைத்தான் எடுத்து வச்சிருந்தேன். கல்யாணப் பேச்சுக்குன்னு.'

நான் ஆறுதலாகத்தான் சொன்னேன். 'அதனால என்னடா கண்ணு, அதுக்கு வயசான பிறகு கொண்டு வந்திருக்கலாமே' என்றேன்.

அவன் சோற்றில் தண்ணீரை ஊற்றிவிட்டு எழுந்துவிட்டான். அவனுக்குப் பிடித்த வாளை மீன் குழம்பு அன்று. வாலை அவனுக்கென்று எடுத்து வைத்திருந்தேன்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ வந்து நின்றான். 'அம்மா, அந்தப் பாட்டிலைக் குடு. நானே போய் அவங்க வீட்டுல வச்சுத் திறக்கச் சொல்லிட்டு வர்றேன். குளோத் மாமா சரின்னுட்டாரு' என்றான்.

'மாப்பிள்ளை தானே பாட்டிலைத் தூக்கிட்டுப் போவானா? உலகம் சிரிக்கும். அண்ணன் நல்லதா அனுப்பட்டும், பொறு' என்றேன்.

'அண்ணன் அனுப்ப மாட்டான்மா.'

'உனக்கு எப்பவும் அவன்மேல ஒரு இது' என்றேன். நீயே சொல், கூடப் பிறந்தவன்மேல் அப்படி நினைக்கலாமா?

எமிலுக்குப் போன் போட்டேன். முதல் இரண்டு தடவை அவன் எடுக்கவில்லை, வேலையில் இருந்திருப்பான். மூன்றாம் தடவை எடுத்தான். விஷயத்தைச் சொன்னேன். சிரித்தான். 'அம்மா, அந்தப் பெரிய ஒயின் மந்திரிங்க குடிக்கறது. நானே கண்ணால பார்த்ததில்ல. சும்மா அவன் கொண்டுவந்ததையே குடுத்துட்டுப் போ' என்றான். அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள் போலிருக்கிறது, வைத்துவிட்டான். பாவம், அவ்வளவு வேலையிலும் சிரித்துப் பேசினானே.

ஆனால் கொடுத்துவிடு என்றால் எப்படிக் கொடுப்பது? முதல் தரம் வரும் என்று நான் வாயால் சொல்லியாகிவிட்டது. கொஞ்ச நாள் போகட்டும் என்று இருந்தேன். அமலோர் லீவு முடியும் முன்னாலேயே டிக்கெட்டை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். கிளம்பும்போது நெற்றியில் சிலுவை போட்டேன், குனிந்து நின்று வாங்கிக்கொண்டான். பாட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனால் அவன் மறந்துவிட்டான் என்று நினைத்தேன்.

அது அலமாரியில் நின்றது. சமையலறைக்குள் போகும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன், அந்தக் கூடத்தில் பட்ட அவமானம் மேலே எழும்பும். ஒரு நாள் கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக்கால ஜெபம் முடித்துவிட்டு வந்து, எதற்கு இதை வைத்துக்கொண்டு மனசைக் கெடுத்துக்கொள்வது என்று, கேக்குக்கு வாங்கின உலர்ந்த திராட்சையை அதில் ஊறப்போட்டேன். கடவுள் கொடுத்த பண்டத்தை வீணாக்கக் கூடாது இல்லையா. ஒரு சொட்டு விடவில்லை. எங்கள் தெருவிலிருந்து ஒருவர் பாரிசுக்குப் போனார், அவரிடம் எமிலுக்குக் கேக் கொடுத்தனுப்பினேன். எமிலுக்குத்தான் என் கேக் என்றால் உயிர். இந்த வருஷம் ரொம்ப நன்றாக வந்தது என்று பெண்டாட்டியை விட்டுச் சொல்லச் சொன்னான்.

கிறிஸ்துமஸ் அன்று அமலோர் கூப்பிட்டான். நல்லாத்தான் பேசினான். பூசைக்குப் போனியா, முட்டி எப்படி இருக்கு, எல்லாம் கேட்டான். நானும் சந்தோஷமாகச் சொன்னேன், 'உன் ஒயினை நான் ஒண்ணும் வீணாக்கலடா, அதுலதான் கேக் போட்டேன். அண்ணன் சாப்பிட்டுட்டு அப்படிப் புகழ்ந்தான்' என்று. 

லைன் போய்விட்டது என்று நினைத்து அலோ, அலோ என்றேன். 'இருக்கேன்மா' என்றான். அப்புறம், 'சரிம்மா. உடம்பைப் பார்த்துக்க' என்றான். அவ்வளவுதான். அன்றையிலிருந்து என் போனை அவன் எடுப்பதில்லை. பணம் மட்டும் மாசா மாசம் வருகிறது.

யோசித்து யோசித்துப் பார்த்தேன். தனக்குக் கேக் அனுப்பவில்லை என்று கோபம். அதுதான். வேறு என்ன இருக்க முடியும்? பாரிசுக்குப் போகிறவரிடம் கொடுத்தால் அவன் இருக்கிற இடத்துக்கு எப்படிப் போய்ச் சேரும்? அதை அவன் யோசிக்க வேண்டாமா? வளர்ந்த பிள்ளை.

சாம்பல் புதனன்று கோயில் வாசலில் ஆக்னேஸைப் பார்த்தேன். நெற்றியில் சாம்பலோடு வந்து, 'தோத்திரம் அத்தை' என்றது. அத்தை என்று கூப்பிட்டதே எனக்குப் போதும் என்று இருந்தது. அவன் எப்படி இருக்கிறான் என்று நானே அதனிடம் கேட்கிற மாதிரி ஆகிவிட்டது பார்.

'நல்லா இருக்காரு அத்தை. இப்ப கொடியெல்லாம் வெட்டிக் கவாத்து பண்ற நேரமாம். கை வெடிச்சிருக்குன்னு காட்டினாரு.'

'உங்கப்பாவுக்கு என்மேல கோபமா?'

'இல்ல அத்தை. அப்பா அன்னைக்கே அதைக் குடிச்சுப் பார்க்கணும்னு ஆசைப்பட்டாரு. அம்மாகூட அவ்வளவு பெரிய எடத்து ஒயின் நம்ம வீட்டுக்கு வந்ததேன்னு சொல்ல வந்தாங்க. அது வாய்ல வர்றதுக்குள்ள...' என்று நிறுத்திக்கொண்டது. நல்ல பெண், தன் அம்மாவை விட்டுக்கொடுக்கவில்லை. அப்புறம் சொன்னது, 'ஜூன்ல அங்கேயே கோயில்ல வச்சுக்கலாம்னு அவரு சொல்றாரு. அப்பா அம்மாவுக்கு டிக்கெட் பார்த்தாச்சு. உங்ககிட்டச் சொல்லியிருப்பாரே?'

'சொன்னான், சொன்னான்' என்றேன்.

வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை அம்மா. ஜூன் மாசம். என் பிள்ளைக்குக் கலியாணம். அந்த அம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். நான் இங்கே ரெட்டியார்பாளையத்தில் அரிசி களைந்துகொண்டிருப்பேன். அன்று மணி என்ன என்றுகூட யாரும் எனக்குச் சொல்ல மாட்டார்கள். எமிலிடம் கேட்டேன். 'அவன் விஷயத்துல நான் தலையிடறதில்லம்மா' என்றான். அவனுக்கு எதற்கு இந்தத் தலைவலி.

ஒரு ஒயினை இரண்டாவது என்று சொன்னதற்கு ஒரு குடும்பத்தையே இப்படிப் பிரிக்கலாமா? அந்த அம்மாள் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் அது பாட்டுக்குத் திறந்திருக்கும். நான் அவன் சார்பில் மன்னிப்புக் கேட்டேன், அவன் மானத்தைக் காப்பாற்றத்தான் கேட்டேன். அது அவனுக்கு ஏன் புரியவில்லை என்று மாதாவிடம் கேட்கப் போகிறேன். இரண்டு பிள்ளையையும் ஒரே மாதிரிதான் வளர்த்தேன்.

சிதம்பரம் தாண்டியாயிற்றா? உன்னைப் பேச்சிலேயே அலுக்க அடித்துவிட்டேன். நீ நல்ல பெண், குறுக்கே ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டே வந்தாய். அவனிடம் என்ன பேசுவது என்று நான் யோசித்து வைத்திருக்கிறேன். கோபப்பட மாட்டேன், அழ மாட்டேன். வர்ற கிறிஸ்துமஸுக்கு எப்பாடு பட்டாவது உனக்கும் கேக் அனுப்பிடறேன்டா என்று முதலில் சொல்லிவிடுவேன். அப்புறம் அவன் சொல்வதைக் கேட்பேன்.

இப்போது அங்கே காலை சாப்பாட்டு நேரம், வெளியில் நின்று ரொட்டி சாப்பிடுவான். இந்தத் துண்டுக் காகிதத்தில் அவன் நம்பர் இருக்கிறது. என் நம்பரைப் பார்த்தால் எடுக்க மாட்டான். உன் போனிலிருந்து ஒரு தடவை அடித்துக் கொடுக்கிறாயா அம்மா?